கார்டு 4கே, மானிட்டர் 4கே, சந்தாவும் 4கே: படம் மட்டும் ஏன் எச்டியில் நிற்கிறது?

குடந்தைவாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். முதலில் சிஸ்டம் விவரம். 7ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், விண்டோஸ் 10. அதில் 2014 கடைசியில் வந்த ஓர் உயர்ரக கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பிராண்டு பெயரைச் சொன்னால் இழை வேறு பக்கம் போய்விடும் என்பதால் சொல்லவில்லை. இந்தத் தீபாவளிக்கு 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்று வாங்கினேன். பழைய டிவிஐ மானிட்டரையும் தூக்கிப் போடவில்லை, நெல் மண்டிக் கணக்கு பார்க்க அதுவும் பக்கத்திலேயே ஓடுகிறது.

சிக்கல் இதுதான். யூடியூபில் 4கே ஓடுகிறது. கேம்களும் 4கேயில் திறக்கின்றன. ஆனால் காசு கட்டிப் பார்க்கும் ஓடிடி மட்டும் 1080க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. இருப்பதிலேயே விலை கூடிய சந்தா, 4கே என்று போட்டுத்தான் வாங்குகிறார்கள். இன்னொன்று: ஹாலில் இருக்கும் டிவிக்கும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று ஒரு எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் போட்டால் ஒலி வருகிறது, திரை கறுப்பு.

கடையில் கேட்டேன். "கார்டுல 4கே சப்போர்ட் இருக்கு தம்பி, உங்க நெட்டைப் பாருங்க" என்றார்கள். நெட் 100 எம்பிபிஎஸ் ஒழுங்காக வருகிறது. டிரைவரை அழித்து மறுபடி போட்டாயிற்று. அடுத்து இன்னும் பெரிய கார்டு வாங்குவதுதான் வழியா? பட்ஜெட் இறுக்கம், குறுவை காசு வந்த பிறகுதான் யோசிக்க முடியும்.

---

அரசலாறு

தம்பி, கொஞ்சம் பொறுங்கள், கார்டு எதுவும் வாங்க வேண்டாம்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. உங்கள் கார்டு 3840×2160 புள்ளிகளை நொடிக்கு 60 முறை வரைந்து தள்ளும். ஆனால் இந்தப் படத்தை இந்தக் கார்டு வழியாக வெளியே விடலாமா என்பது வேறு கேள்வி. அது திறமை சம்பந்தப்பட்டதே இல்லை, அனுமதி சம்பந்தப்பட்டது. யூடியூபில் பெரும்பாலான வீடியோக்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை, அதனால் ஓடுகிறது.

அனுமதி பார்க்கிற ஏற்பாட்டுக்குப் பெயர் எச்டிசிபி. இன்டெல் உருவாக்கி 2000இல் வந்தது. கார்டும் மானிட்டரும் கேபிள் வழியாக ஒன்றையொன்று விசாரித்து, "நீ உரிமம் வாங்கிய கருவிதானா" என்று உறுதி செய்துகொண்டு, படத்தைக் குறியாக்கம் செய்து அனுப்பும். நடுக் கேபிளில் யாரும் கொக்கி போட்டுப் படத்தைப் பதிவு செய்யக் கூடாது என்பதற்காக. இதன் 1.x பதிப்புகளுக்கான மூலச் சாவி 2010 செப்டம்பரில் இணையத்தில் கசிந்தது, அது அசல் சாவிதான் என்று இன்டெலே ஒப்புக்கொண்டது. 2.x வேறு அடித்தளத்தில் எழுதப்பட்டது. அதன் தொடக்கப் பதிப்புகளிலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள். 2013இல் வந்த 2.2 அதை அடைத்தது. 4கே படத்துக்குப் பட நிறுவனங்கள் கேட்பது இந்த 2.2ஐத்தான்.

இனி உங்கள் விஷயம். 4கே 60 ஹெர்ட்ஸைத் தூக்கும் எச்டிஎம்ஐ 2.0 வந்ததும் அதே 2013இல்தான். அதனால் "எச்டிஎம்ஐ 2.0 என்றால் எச்டிசிபி 2.2ம் கூடவே இருக்கும்" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கூடவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த உதாரணம்: 2014 செப்டம்பரில் வந்த என்விடியா கார்டுகள் ஜிடிஎக்ஸ் 970, 980 இரண்டிலும் எச்டிஎம்ஐ 2.0 உண்டு, எச்டிசிபி 2.2 கிடையாது. 2015 ஜனவரியில் வந்த 960, விலையிலும் வேகத்திலும் அவற்றுக்குக் கீழே. அதில் 2.2 உண்டு, எச்இவிசி என்ற முறையில் சுருக்கிய வீடியோவை முழுக்க வன்பொருளிலேயே பிரிக்கும் வசதியும் உண்டு. பெரிய கார்டுக்கு இல்லாதது சின்னக் கார்டுக்கு இருக்கிறது. 2.2 சில்லிலேயே இருக்க வேண்டிய சமாச்சாரம், டிரைவர் போட்டு வரவழைக்க முடியாது.

---

குடந்தைவாசி

விளக்கத்துக்கு நன்றி அண்ணே. அப்படியானால் மானிட்டர் பெட்டியில் 2.2 என்று போட்டிருக்கிறது, கார்டுதான் வில்லன். எனக்கு வேறு வழியே இல்லையா?

---

கொள்ளிடக்கரை

வழி உங்கள் சிபியூவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது சார். 7ஆம் தலைமுறை என்று சொன்னீர்களே, அதுதான் அதிர்ஷ்டம்.

அந்தத் தலைமுறை இன்டெல் செயலிகளின் உள் கிராபிக்ஸில் 10 பிட் எச்இவிசி பிரிக்கும் வசதியும், பிளேரெடி 3.0 என்கிற காப்பு முறைக்கு வேண்டிய வன்பொருள் பாதுகாப்பும் சேர்ந்து வந்தன. 2016 கடைசியில் கணினியில் 4கே ஓடிடி முதலில் திறந்ததே இந்தச் செயலிகளுக்குத்தான். தனி கிராபிக்ஸ் கார்டுகளுக்கு அந்தக் கதவு பிறகுதான் திறந்தது. ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கார்டை விட்டு, சிபியூவோடு இலவசமாக வந்ததற்குக் கேபிளை மாற்றிச் செருகிப் பாருங்கள்.

இரண்டு மூன்று இடத்தில் கால் தடுக்கும். தனி கார்டு செருகியிருந்தால் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய் அதை இயக்கத்தில் வைக்க வேண்டும். அடுத்தது, மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயை நம்பி இறங்காதீர்கள். அந்தத் தலைமுறை உள் கிராபிக்ஸ் நேரடியாகத் தருவது எச்டிஎம்ஐ 1.4தான், 4கேயில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. தனியாக ஒரு மாற்றிச் சில்லு வைத்த போர்டுகளில்தான் 2.0 கிடைக்கும், அவை குறைவு. டிஸ்பிளேபோர்ட் இருந்தால் அதில் போடுங்கள், 60 ஹெர்ட்ஸும் வரும், 2.2ம் வரும்.

அப்புறம் அந்தப் பழைய டிவிஐ மானிட்டர். படம் பார்க்கும்போது அதைக் கழற்றுங்கள், அல்லது விண்டோஸ்+பி அழுத்தி ஒரே திரைக்கு மாற்றுங்கள். இணைத்திருக்கும் திரைகளில் ஒன்று 2.2 இல்லாமல் இருந்தாலும் 4கே தர மாட்டோம் என்பது பெரிய ஓடிடிகளின் விதி. டிவிஐயில் பழைய எச்டிசிபி ஓடும், 2.2 எதிர்பார்க்க முடியாது.

பிரவுசரும் முக்கியம். விண்டோஸில் எட்ஜ் அல்லது அந்தச் சேவையின் சொந்தச் செயலி. குரோமில் ஓடும் வைட்வைன் என்ற காப்பு முறை வழக்கமாக எல்3 என்ற அடிமட்ட நிலை, முழுக்க மென்பொருள். அதை நம்பி 4கே யாரும் தர மாட்டார்கள். எச்இவிசி நீட்சியை மைக்ரோசாப்ட் ஸ்டோரில் போட்டுக்கொள்ளுங்கள்.

---

திருவாரூர்த்தேர்

படிக்கப் படிக்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. மாதாமாதம் காசு கட்டுகிறவர் பயாஸுக்குள் போக வேண்டும், மானிட்டரைக் கழற்ற வேண்டும், பிரவுசரை மாற்ற வேண்டும். காசே கட்டாதவன் டெலிகிராமில் இறக்கி எந்தக் கார்டிலும் எந்த மானிட்டரிலும் 4கேயில் பார்க்கிறான். அவனிடம் யாரும் 2.2 கேட்பதில்லை. மேட்டூரிலிருந்து எல்லா மதகும் திறந்து, கடைமடையில் ஒரே ஒரு ஷட்டர் துருப்பிடித்துக் கிடப்பதால் காய்கிற வயல் மாதிரி இவர் நிலைமை, அதுவும் தீர்வையை ஒழுங்காகக் கட்டியவர் வயல்.

மூலச் சாவியே வெளியில் வந்த பிறகும் 1.x காப்போடு கூடிய கருவிகளை இன்றைக்கும் விற்கிறார்கள். காப்பு யாரைக் காக்கிறது என்று யாராவது சொன்னால் தெரிந்துகொள்கிறேன்.

---

புரொஜக்டர் புலி

நான் சொல்கிறேன். மயிலாடுதுறைப் பக்கம் தியேட்டரில் ஆபரேட்டராக இருக்கிறேன். காப்பே வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை எங்கள் கேபினுக்கு வந்து பார்க்கலாம்.

எங்களுக்கு வரும் படம் டிசிபி என்று ஒரு பொட்டலம். உள்ளே ஒவ்வொரு பிரேமும் ஜேபெக் 2000 படம், எல்லாம் ஏஇஎஸ் 128 பிட் குறியாக்கத்தில் பூட்டியிருக்கும். 4கே என்றால் உங்கள் மானிட்டர் 4கே அல்ல, 4096×2160. டிஸ்க் முன்கூட்டியே வந்துவிடும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கேடிஎம் என்ற சாவி மெயிலில் தனியாக வர வேண்டும். அந்தச் சாவி எங்கள் சர்வரின் சான்றிதழுக்கு மட்டும் எழுதப்பட்டது, பக்கத்து ஸ்கிரீனுக்கு ஆகாது. எந்தத் தேதி எந்த மணியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அதற்குள்ளேயே இருக்கும். முதல் நாள் முதல் காட்சிக்கு வெளியே ஆயிரம் பேர் நிற்க, "கேடிஎம் வரலை" என்று உள்ளே நாங்கள் விழிப்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் பழக்கம். சர்வர் கடிகாரத்தை முன்னே தள்ளி ஏமாற்றலாமா என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். டிஜிட்டல் சினிமாவுக்கான டிசிஐ விதிப்படி ஆண்டுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் அதை நகர்த்த முடியாது.

வன்பொருள் பொருத்தம் என்றால் அதுவும் இங்கேதான் கடுமை. படத்தின் பூட்டைத் திறக்கும் மீடியா பிளாக்கும் புரொஜக்டரும் ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும். மேரேஜ் என்றுதான் சொல்வோம். பிளாக்கை வெளியே உருவினால் மேரேஜ் உடைந்துவிடும், மறுபடி சேர்த்து வைக்க அதிகாரம் பெற்ற ஆள் நேரில் நிற்க வேண்டும். புரொஜக்டரின் சர்வீஸ் கதவு திறந்திருந்தால் பூட்டிய படம் ஓடாது. சாவியைப் பிடித்து வைத்திருக்கும் பேட்டரி செத்தால் பிளாக் கம்பெனிக்கே திரும்பிப் போக வேண்டும்.

இத்தனை இருப்பதால்தான் இணையத்தில் முதலில் வருவது கேமராவில் எடுத்த மங்கல் பிரதி, டிசிபியிலிருந்து எடுத்த சுத்தப் பிரதி அல்ல. சுத்தப் பிரதி வெளியே வருவது படம் ஓடிடிக்கு வந்த பிறகு. தியேட்டர் பூட்டு வேலை செய்கிறது, வீட்டுப் பூட்டு செய்யவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் திட்டாதீர்கள் தேர் அண்ணே.

---

திருவாரூர்த்தேர்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் தியேட்டரில் கருவியை நீங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறீர்கள், டிக்கெட் வாங்கியவனுக்குக் கருவியைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. வீட்டில் கருவியும் நான் வாங்கியது, டிக்கெட்டும் நான் வாங்கியது, பொருந்தவில்லை என்றால் தலைவலியும் எனக்கு. என் கேள்வி அது.

---

மன்னை வாத்தியார்

தலைப்புக்கு நெருக்கமாக இருப்பதால் இங்கேயே கேட்கிறேன். பள்ளியில் பழைய விஜிஏ புரொஜக்டர் ஒன்று இருக்கிறது. புது லேப்டாப்பில் விஜிஏ இல்லை என்பதால் எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர் வாங்கினோம். பாடம், பிபிடி எல்லாம் தெரிகிறது. சந்தா கட்டிய ஒரு தளத்தில் சோழர் காலக் கோயில்கள் பற்றிய ஆவணப்படம் போட்டால் மட்டும் கறுப்பாகிறது. பிள்ளைகள் முன்னால் அசடு வழிகிறது.

---

அரசலாறு

ஐயா, விஜிஏ அனலாக். அதில் எச்டிசிபி என்ற பேச்சுக்கே இடமில்லை. கன்வெர்ட்டரிடம் லேப்டாப் "உன்னிடம் சாவி இருக்கிறதா" என்று கேட்கும், அது முழிக்கும். சில சேவைகள் அப்போது தரத்தைக் குறைத்துத் தரும், சில மொத்தமாக மறுக்கும்.

அனலாக் மேல் இந்தக் கோபம் நெடுங்காலக் கதை. விசிஆர் காலத்தில் மேக்ரோவிஷன் என்று ஒன்று இருந்தது. பதிவு செய்கிற விசிஆரின் படச் சமிக்ஞை அளவைத் தானாகச் சரிசெய்யும் சுற்றைக் குழப்பி, நகல் கேசட் மங்கியும் பளிச்சிட்டும் ஓடும்படி செய்வார்கள். பிறகு டிவிடி வந்தபோது டிவி–அவுட் உள்ள கணினி கார்டுகளும் அந்தச் சைகையைப் போட வேண்டும் என்றானது. புளூரே வந்தபோது அனலாக் வெளியீட்டை 960×540க்குக் குறைக்கச் சொல்லும் ஒரு கொடியை வட்டில் வைக்க இடம் கொடுத்தார்கள். 2013க்குப் பிறகு தயாரிக்கும் புளூரே பிளேயர்களில் காப்புள்ள படத்துக்கு அனலாக் வெளியீடே கூடாது என்று முடித்துவிட்டார்கள். விஜிஏ புரொஜக்டருக்கு இந்த வழக்கில் வெற்றி கிடையாது.

எச்டிஎம்ஐ நேரடியாக உள்ள புரொஜக்டர் ஒன்றைப் பாருங்கள். 4கே வேண்டாம், 1080 போதும் என்றால் பழைய எச்டிசிபி 1.4 உள்ளதே தாராளம். அதுவரை வேண்டுமானால் சோழர் கோயில்களுக்கு நேரிலேயே ஒரு பஸ் பிடிக்கலாம், மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் என்ன தூரம்!

---

மன்னை வாத்தியார்

பஸ்ஸுக்குப் பெற்றோர் கையெழுத்து, தலைமையாசிரியர் கையெழுத்து, ஆர்டிஓ விதி எல்லாம் உண்டு சார். எச்டிசிபி எவ்வளவோ மேல்.

---

வேதை எல்இடி

கல்யாண மண்டபம், கோயில் திருவிழாவுக்கு எல்இடி வால் கட்டுகிறோம். எங்களுக்கும் இதே கறுப்புத் திரை தொல்லை, வேறு வடிவத்தில். மாப்பிள்ளை வீட்டார் ஆப்பிள் லேப்டாப்பில் போட்டோ ஸ்லைடுஷோ கொண்டு வருவார்கள். சொந்தப் போட்டோ, ஒரு காப்பும் கிடையாது. பல உள்ளீடுகளை மாற்றிக் காட்டும் எங்கள் சுவிட்சரில் செருகினால் படம் வராது. அதே ஸ்லைடுஷோவை எங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் போட்டால் வரும்.

---

கொள்ளிடக்கரை

அது கருவியின் சுபாவம். விண்டோஸ் கணினிகள் பெரும்பாலும் காப்புள்ள படம் ஓடும்போதுதான் எச்டிசிபியை எழுப்பும். மேக், எதிரே இருக்கும் கருவி எச்டிசிபி பேசும் என்று தெரிந்தால் டெஸ்க்டாப்புக்கே போட்டுவிடும். உங்கள் சுவிட்சர் எச்டிசிபி தெரியும் என்று வாயால் சொல்லிவிட்டு, உள்ளே அந்தச் சமிக்ஞையைக் கலக்க அனுமதியில்லாமல் கறுப்பாக்குகிறது. சில சுவிட்சர்களில் உள்ளீட்டுக்கு உள்ளீடு எச்டிசிபியை அணைக்கும் அமைப்பு உண்டு. அணைத்தால் "எனக்கு அது தெரியாது" என்று சொல்லும், மேக்கும் சாதாரணமாகவே அனுப்பும். சொந்தப் போட்டோவுக்கு இதில் ஒரு தப்பும் இல்லை. கேம் கன்சோல்களிலும் இதே கதை, பிஎஸ்4இல் கேமைப் பதிவு செய்ய எச்டிசிபியை அணைக்கும் அமைப்பை அவர்களே கொடுத்தார்கள். படச் செயலியைத் திறந்தால் மட்டும் மறுபடி கேட்கும்.

செட் டாப் பாக்ஸிலிருந்து மேட்ச் போட நினைத்தால் அதைப் பற்றிக் கேட்காதீர்கள். வீட்டுச் சந்தாவை மண்டபத்தில் ஊருக்கே காட்டுவது வேறு உரிமை.

---

பாபநாசம் பையன்

சும்மா ஒரு சந்தேகம். ஆன்லைனில் விலை குறைந்த சில ஸ்பிளிட்டர்கள் எச்டிசிபியைக் கழற்றிவிட்டு வெறும் சிக்னலைத் தருகின்றன என்கிறார்களே. குடந்தைவாசி, வாத்தியார் இரண்டு பேருக்கும் அதுவே தீர்வு ஆகாதா? எந்த மாடல் என்று யாராவது லிங்க் போடுங்கள்.

---

நெறியாளர்

லிங்க் வேண்டாம், மாடலும் வேண்டாம். போட்டால் நீக்கப்படும்.

காரணம் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் 65ஏ என்ற பிரிவு வந்தது. உரிமையை மீறும் எண்ணத்தோடு தொழில்நுட்பக் காப்பை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். "எண்ணத்தோடு" என்பது அதில் முக்கியமான இடம். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத நோக்கத்துக்காகச் செய்வதை அதே பிரிவு விட்டுவிடுகிறது. பள்ளியில் மாணவர், ஆசிரியர், பெற்றோருக்கு மட்டும் படம் காட்டுவதை 52ஆம் பிரிவு உரிமை மீறலாகக் கொள்வதில்லை. ஆக வாத்தியாரின் நோக்கம் சட்டத்தின் பார்வையில் குற்றமில்லாததாகவே இருக்கலாம், ஆனால் அவர் ஒப்புக்கொண்ட சந்தா விதிமுறை தனி. கேட்பவர் எல்லோருடைய எண்ணத்தையும் இந்த மன்றம் அளந்து பார்த்து லிங்க் கொடுக்க முடியாது. அவ்வளவுதான்.

---

அரசலாறு

நெறியாளர் சொன்னது சரி. தொழில்நுட்பமாகவும் அது குடந்தைவாசிக்கு உதவாது. அவருடைய கார்டிலிருந்து 2.2 கிளம்பவே இல்லை, பிறகு ஸ்பிளிட்டர் எதைக் கழற்றும்?

அவருடைய இரண்டாவது சிக்கல் வேறு. ஸ்பிளிட்டர் என்பது எச்டிசிபி பார்வையில் ரிப்பீட்டர். அதற்கும் சொந்தச் சாவி வேண்டும், தனக்குப் பின்னால் யார் யார் தொங்குகிறார்கள் என்று மேலே கணக்குச் சொல்ல வேண்டும். 2.x இல் நான்கு அடுக்கு, 32 கருவி வரை. பின்னால் ஒரே ஒரு பழைய டிவி இருந்தாலும், 4கே படங்களுக்குப் போடும் "வகை 1" முத்திரை உள்ளதை அந்தப் பக்கம் விடக் கூடாது. ஸ்பிளிட்டருக்கே சாவி இல்லை என்றால் 1080கூட வராது, ஒலியோடு கறுப்புதான்.

---

ஸ்டூடியோக்காரன் தஞ்சை

நீங்கள் எல்லாம் படம் பார்க்கவே இவ்வளவு பாடு. எங்களுக்குப் படம் எடிட் செய்யவே. கல்யாண வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒன்றுக்கு, கூடவே வரும் கேப்சர் கார்டு ஸ்லாட்டில் இருந்தால்தான் உயிர் வரும். கார்டு பழைய பிசிஐ, புது மதர்போர்டில் அந்த ஸ்லாட்டே இல்லை. தமிழ் டிடிபி மென்பொருளுக்கு பேரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் போர்ட்) செருகும் ஹார்டுவேர் லாக், அது இருந்தால்தான் திறக்கும். யூஎஸ்பி–பேரலல் கேபிள் போட்டுப் பார்த்தால் பிரிண்டர் ஓடுகிறது, லாக் ஓடவில்லை. அதற்காகவே ஒரு பழைய சிஸ்டத்தை விண்டோஸ் எக்ஸ்பியோடு மூலையில் வைத்திருக்கிறோம், நெட் கொடுக்காமல். பத்திரிகை அடிக்கும் சீசனில் அது ஒன்றுதான் வருமானம்.

---

கொள்ளிடக்கரை

அந்தக் கேபிள்கள் பிரிண்டருக்கு மட்டும் எழுதப்பட்டவை, லாக் போர்ட்டின் பின்களை நேரடியாகத் தட்டிப் பார்க்கும். பிசிஐ–இ ஸ்லாட்டில் செருகும் அசல் பேரலல் கார்டு கிடைக்கிறது, அதில் சில லாக்குகள் வேலை செய்கின்றன. எக்ஸ்பி மூலையைக் கலைக்காதீர்கள்.

---

தில்லைவிளாகம் டிஸ்க்

வட்டு சேகரிப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த இழையில் எல்லோரும் "பழைய கருவிதான் பிரச்சினை, புதுசு வாங்கினால் தீரும்" என்ற தொனியில் பேசுகிறீர்கள். என் அனுபவம் நேர்மாறு.

4கே வட்டான அல்ட்ரா எச்டி புளூரேயைக் கணினியில் சட்டப்படி ஓட்டும் மென்பொருள் 2017இல் வந்தது, பவர்டிவிடி 17. அது கேட்ட பட்டியல்: 7ஆம் தலைமுறை இன்டெல், அதில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பூட்டிய நினைவகப் பகுதி, அதை ஏற்கும் பயாஸ், எச்டிசிபி 2.2, அதற்கென்று டிரைவ். வெளியீடு சிபியூவின் உள் கிராபிக்ஸ் வழியாகத்தான் போக வேண்டும். எவ்வளவு விலை கொடுத்த தனி கார்டாக இருந்தாலும் ஏற்காது. ஏஎம்டி செயலி வைத்திருப்பவருக்குக் கதவே கிடையாது. சரி என்று அதற்காகவே ஒரு சிஸ்டம் கட்டியவர்கள் உண்டு, நானும் ஒருவன்.

பிறகு 2018இல் ஃபோர்ஷேடோ, 2019இல் பிளண்டர்வோல்ட் என்று எஸ்ஜிஎக்ஸையே உடைக்கும் வழிகளை ஆய்வாளர்கள் வரிசையாகக் காட்டினார்கள். 2021இல் வந்த 11ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. 12லும் இல்லை. அதாவது சிஸ்டத்தைப் புதுப்பித்தால் வட்டு ஓடாது, புதுப்பிக்காமல் வைத்தால் ஓடும். என் அலமாரியில் இருக்கும் வட்டுகள் எல்லாம் அசல், ரசீதோடு. எந்தத் தலைமுறையிலும் எந்த வேகத்திலும் குறை இல்லை, அனுமதி தரும் சில்லுக்கு ஆயுள் நாலு வருஷம், அவ்வளவுதான்.

---

திருவாரூர்த்தேர்

இதைத்தான் நான் முதலிலிருந்து கேட்கிறேன்.

---

அரசலாறு

வட்டுக்காரர் சொல்வது நியாயம். இந்தத் துறைக்கு இது முதல் தடவையும் அல்ல. 2006 தொடக்கத்தில் "எச்டிசிபி ரெடி" என்று பெட்டியில் போட்டு விற்ற கார்டுகள் பலவற்றில் எச்டிசிபி ஓடவில்லை என்று தெரிந்து பெரிய கூச்சல் எழுந்தது. சில்லில் இடம் இருந்தது, ஆனால் கார்டில் சாவிகள் எழுதிய சின்னச் சில்லைத் தயாரிப்பாளர்கள் பொருத்தவில்லை. பிறகு பொருத்தவும் முடியாது. அடுத்த ஆண்டு விஸ்டா வந்து, காப்புள்ள பாதை வழியாகத்தான் எச்டி படம் போக வேண்டும் என்றபோது அந்தக் கார்டு வாங்கியவர்கள் கையில் அட்டைப் பெட்டியின் வாசகம்தான் இருந்தது.

அதனால் நம் ஊர்க் கடைகளில் வாங்குபவர்கள் "4கே சப்போர்ட் இருக்கா" என்று கேட்பதை நிறுத்துங்கள். "எச்டிசிபி 2.2 இருக்கா, எந்தப் போர்ட்டில்" என்று கேளுங்கள். எந்தப் போர்ட்டில் என்பதை விட்டுவிடாதீர்கள், பழைய 4கே டிவிகளில் மூன்று எச்டிஎம்ஐயில் ஒன்றில் மட்டும் 2.2 இருக்கும், அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். செகண்ட் ஹேண்ட் கார்டானால் கடையிலேயே செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் எச்டிசிபி நிலையைக் காட்டும் பக்கம் இருக்கிறது, ஏஎம்டி மென்பொருளிலும் திரை விவரத்தில் தெரியும். இதைப் பார்க்க விட மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

---

குடந்தைவாசி

தகவல் சொல்ல வந்தேன். பயாஸில் உள் கிராபிக்ஸை இயக்கி, 4கே மானிட்டரை மதர்போர்டின் டிஸ்பிளேபோர்ட்டில் மாட்டி, டிவிஐ மானிட்டரைக் கழற்றிவிட்டு, எட்ஜில் திறந்தேன். 4கே முத்திரை வந்துவிட்டது, கடகடவென்று இல்லை, எச்இவிசி நீட்சி போட்ட பிறகுதான். கேம் விளையாட மட்டும் எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில் விட்டிருக்கிறேன், மானிட்டரின் பட்டனில் உள்ளீட்டை மாற்றிக்கொள்கிறேன். படம் பார்க்கும்போது அந்தப் பக்கத்தை விண்டோஸிலிருந்து அணைத்துவிட வேண்டியிருக்கிறது. ஹால் டிவிக்குக் கணினியே வேண்டாம், டிவியில் இருக்கும் செயலியிலேயே திறந்துவிட்டேன், ஸ்பிளிட்டர் சும்மா கிடக்கிறது.

ஒரே ஒரு வருத்தம், மண்டிக் கணக்கும் படமும் ஒரே நேரத்தில் முடியாது. அப்பா அதை நல்லது என்கிறார்.

---

வேதை எல்இடி

அந்த ஸ்பிளிட்டரில் 2.2 எழுதியிருக்கிறதா பாருங்கள் தம்பி. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்களுக்குக் கேமரா சிக்னல்தான், காப்பு எதுவும் வராது. தை மாதம் முழுக்க முகூர்த்தம், ரெண்டு ஸ்பிளிட்டர் தேவைப்படுகிறது. கும்பகோணம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன், விலையைத் தனிமடலில் போடுங்கள்.

---

குடந்தைவாசி

2.2 இல்லை அண்ணே, பெட்டியில் 1.4 என்றுதான் இருக்கிறது. தனிமடல் போட்டிருக்கிறேன்.